ஒரே தொட்டியில் எட்டு டேப்பட்

அந்தத் தெருவில் நின்று மெக்கானிக் ஷெட் எங்கே என்று கேட்டால் எல்லோரும் முழிப்பார்கள். "சோப்பு ஷெட் எது?" என்று கேளுங்கள், பால்குடி மறக்காத பிள்ளைகூடக் கைகாட்டும். ஷெட்டின் சொந்தக்காரருக்குத்தான் அந்தப் பட்டப்பெயர். வயது ஐம்பத்திரண்டு. எஞ்சின் பிரிக்கிற மனிதரின் நகக்கண்ணில் கறுப்பு இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? சோப்புக்கு இல்லை. ஷெட் தரையில் வெள்ளை ஓடு பதித்திருக்கிறார். அதில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் போதும், வண்டி எக்கேடோ கெடட்டும் என்று முதலில் அந்தச் சொட்டைத் துடைப்பார். சாயங்காலமானால் ஸ்பேனர்கள் எல்லாம் குளித்துவிட்டு வரிசையாகக் காயும்.

பேர்தான் சோப்பு. வருகிறவர்களுக்குச் சோப்புப் போடும் வழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. "வண்டியை ஓட்டுனியா, உழுதியா?" என்பதுதான் அவர் வரவேற்பு. "உன் தப்பு", "அவன் தப்பு", "சாமான் செஞ்சவன் தப்பு" என்பதெல்லாம் சரளமாக வரும். "என் தப்பு" என்ற சொல் மட்டும் கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் தன் காதில் விழுந்ததே இல்லை என்று அவர் மனைவி யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் தங்கை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அவள் உட்கார்ந்து அழவில்லை. சலவைக் கடை வைக்கப்போகிறேன் என்றாள். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில் அண்ணன்காரர் வாயைத் திறந்தார்.

"ஊர் அழுக்கைத் துவைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா? நாலே மாசத்துல இழுத்து மூடிட்டு என் வாசல்ல வந்து நிப்ப, பாரு."

சொன்னது யார்? நாள் முழுக்கத் தொட்டியடியில் நின்று கழுவிக்கொண்டே இருக்கிற சோப்பு! தங்கை எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனவள்தான், அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. கடை நிலைத்து நின்றது. நாலு மெஷின், வேலைக்கு நாலு பெண்கள், ஒரு வேன் என்று வளர்ந்தும் விட்டது. தான் சொன்னது தவறு என்று சோப்புக்கு ஆறே மாதத்தில் தெரிந்துபோயிற்று. தெரிந்து என்ன செய்ய, வாய் வரவேண்டுமே!

இப்படியே மூன்று வருஷம் ஓடியபோதுதான் அந்த வேன் புகை கக்க ஆரம்பித்தது. மனைவி மூலம் விஷயம் காதில் விழுந்ததும் சோப்பு கயிறோடு போனார், வேனைக் கட்டி இழுத்து வந்தார். மூன்று வாரம் வேறு வண்டி எதையும் தொடவில்லை. எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். புது பிஸ்டன், புது பேரிங், கழுவிய இடத்தையே மறுபடி கழுவிப் பூட்டினார். மன்னிப்பை வாயால் கேட்கத் தெரியாதவர் கையால் கேட்டுப் பார்த்தார்.

எஞ்சினைக் கிளப்பினால், டிக் டிக் டிக் டிக். நிற்கவே இல்லை.

கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்து வேனை ஓட்டிப்போனாள். மூன்றாம் நாள் தங்கை போனில் கேட்டாள். "புது வேலை, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார். அடுத்த வாரம் கேட்டபோது, "நீங்க கியரைச் சரியா மாத்துறதில்லை" என்றார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான்.

தங்கையின் பெரிய வாடிக்கை ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. துவைத்த விரிப்புகளைத் திங்களும் வியாழனும் விடிகாலையில் அங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும். முற்றம் குறுகல். முன்னும் பின்னும் நாலு தரம் ஓட்டினால்தான் வேன் கதவோடு பொருந்தும். அதற்கு நேர் மேலே பச்சைக் குழந்தைகள் தூங்கும் அறை. வியாழக்கிழமை தலைமை நர்ஸே கீழே இறங்கி வந்துவிட்டார்.

"ஏம்மா, இது வேனா, டைப் அடிக்கிற மெஷினா? ஒரு குழந்தை முழிச்சா பத்தும் வரிசையா முழிச்சிக்குது. திங்கக்கிழமை சத்தம் இல்லாம வா. இல்லைன்னா நாங்க வேற கடை பாத்துக்குறோம். மனசுல வச்சுக்காதே."

எஞ்சினைப் பிரித்துப் பூட்டியதிலிருந்துதான் இப்படி என்று தங்கை சொல்லிப் பார்த்தாள், நர்ஸ் கேட்கவில்லை. அந்த வாடிக்கை போனால் நாலு பெண்களில் மூன்று பேரை நிறுத்த வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை காலை தங்கை தானே வேனை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னாள்.

"நீ எனக்கு வேற எதுவும் செய்ய வேணாம்ணா. இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் குடு."

சோப்பு ஸ்டூலை இரண்டு தரம் துடைத்து அவளை உட்கார வைத்தார். ஆயில் அளவு பார்த்தார், சரியாக இருந்தது. ஆயில் பிரஷருக்கு மீட்டர் மாட்டினார், முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. நீள ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சின் மூடிமேல் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். முன்பக்கம் அமைதி. மூன்றாவது வால்வுக்கு மேல் டிக் என்று காதில் குத்தியது. ஆறிலும் ஏழிலும் அதே குத்து.

"டேப்பட்" என்றார்.

வால்வுக்கு ஒன்றாக எட்டு டேப்பட். வால்வை அழுத்தும் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உட்கார்ந்து, தனக்குள் எண்ணெயை நிறைத்துக்கொண்டு, இடையில் சந்து விழாமல் பார்த்துக்கொள்ளும் கிண்ணம். எண்ணெய் உள்ளே நிற்கவில்லை என்றால் சந்து விழும், இரும்பில் இரும்பு தட்டும். மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிச் சுற்றி, கேம் அழுத்தாத நேரம் பார்த்து ஒவ்வொன்றையும் ஒரு மரக்குச்சியால் அமுக்கினார். மற்றவை கல்லாக நின்றன. மூன்று, ஆறு, ஏழு மட்டும் ஈர ஸ்பாஞ்சாக அமுங்கின.

"எப்படி? தேய்மானமே இல்லையே!" என்று முனகினார். "எட்டையும் உள்சாமான் வரைக்கும் பிரிச்சு நான்தானே கழுவினேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"எப்படிக் கழுவின? ஒண்ணொண்ணாவா?"

"ஒண்ணொண்ணா என்ன? எல்லாத்தையும் ஒரே தொட்டியில போட்டுத்தான்."

"எது எதோடதுன்னு அடையாளம்?"

"எல்லாம் ஒரே அளவு பாப்பா. அடையாளம் எதுக்கு?"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. "எங்க கடைக்கு வர்ற வெள்ளைச் சட்டைகூடத்தான் ஒரே அளவு. அடையாள நூல் கட்டாம ஒண்ணைக்கூடத் தண்ணியில இறக்க மாட்டோம். மாறிப்போனா நமக்குத் தெரியாது. போட்டுக்குறவனுக்குத் தெரியும், இது தன்னோடது இல்லைன்னு."

விளையாட்டாகச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். சோப்புக்குத்தான் பொறி தட்டியது. டேப்பட்டின் கிண்ணமும் அதற்குள் ஓடும் குட்டி உருளையும் கம்பெனியிலேயே ஜோடி பார்த்துப் போடுபவை. ஒன்றின் உருளையை இன்னொன்றில் போட்டால் மயிரிழை வித்தியாசத்தில் எண்ணெய் கசிந்துவிடும். இது அவருக்குத் தெரியாததா? எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருப்பார்! கழுவுகிற வெறியில் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கேம் ஷாஃப்டைத் தூக்கி, மூன்றாவதையும் ஆறாவதையும் வெளியே எடுத்தார். மூன்றின் உருளையை ஆறின் கிண்ணத்தில் போட்டு எண்ணெய் நிரப்பி அமுக்கினார். கல்லாக நின்றது. சந்தேகமே இல்லை, ஜோடிதான் மாறியிருந்தது. நன்றாக நிற்கிற ஐந்திலும் எது சொந்த ஜோடி, எது வந்த ஜோடி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எட்டையும் மாற்ற வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

போனை எடுத்தார். "பாப்பா, டேப்பட் எல்லாம் பழசாயிடுச்சு. எட்டும் புதுசு போட்டுடுறேன்."

"பழசா?" என்றாள் தங்கை. பிறகு ஒரு நொடி கழித்து, "சரிண்ணா" என்றாள்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பிரிச்ச அந்த மூணு வாரமும் கண்ணாடி மாதிரி இருக்கு, கண்ணாடி மாதிரி இருக்குன்னு ராத்திரிகூடப் பெனாத்துனீங்க. அதுக்குள்ள பழசாயிடுச்சா?" சோப்பு போய், சுத்தமாக இருந்த கையை மறுபடி கழுவினார்.

சனிக்கிழமை முழுக்கப் புது டேப்பட்டுகள் எண்ணெயில் ஊறின. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகப் பொருத்தி, கேமை உட்கார்த்தி, மூடியைப் பூட்டினார். தங்கை வந்து சாவியில் கை வைத்தபோது தடுத்தார். அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். நிறைந்திருக்கும் எண்ணெய் அழுத்தத்தில் கசிந்து டேப்பட் தன் அளவுக்கு இறங்காமல் கிளப்பினால், வால்வு பிஸ்டனில் முட்டிவிடும். அண்ணனும் தங்கையும் வெள்ளைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது?

"எங்க கடையில ஒரு மெஷின் ரொம்ப ஆடுதுண்ணா. ஒரு நாள் வந்து பாக்குறியா?" என்று தங்கைதான் ஆரம்பித்தாள்.

மூன்று வருஷமாக யாராவது கூப்பிடமாட்டார்களா என்று காத்திருந்த கடை அது. "ம்" என்றார். பொய் சொன்ன வாயால் அதற்கு மேல் பேச முடியவில்லை, வெட்கமாக இருந்தது.

அரை மணி முடிந்ததும் கிளப்பினாள். டிக் டிக் டிக் என்று பத்து விநாடி. சோப்பின் முகம் செத்துவிட்டது. பிறகு ஒரு தட்டல் குறைந்தது, இன்னொன்று குறைந்தது, கடைசியில் எஞ்சின் உர்ரென்று ஒரே சீராக ஓடியது. தங்கை சின்னப் பெண்ணாகக் கைதட்டினாள். சோப்பு குனிந்து, இல்லாத எண்ணெய்ச் சொட்டு ஒன்றைத் துடைத்தார்.

திங்கட்கிழமை விடிகாலையில் அவரும் வேனில் ஏறிக்கொண்டார். முற்றத்தில் நாலு தரம் முன்னும் பின்னும் போய் வேன் கதவோடு பொருந்தியது. மேலே ஒரு சிணுங்கல்கூட இல்லை. தலைமை நர்ஸ் வெளியே வந்து பார்த்தார்.

"அட, ஓடிட்டா இருக்கு? பரவாயில்லையே! நல்ல ஆளாப் பிடிச்சிட்டீங்க போல. இனிமே இவரையே வச்சுக்கோங்க. முதல்ல எஞ்சினைப் பிரிச்சானே ஒருத்தன், அவன் பக்கமே போகாதீங்க."

"இல்ல சிஸ்டர், சாமான் பழசு, அதனாலதான்..." என்று தங்கை அவசரமாக முட்டுக்கொடுத்தாள்.

சோப்பு கதவைத் திறந்து இறங்கினார்.

"முதல்ல பிரிச்சவனும் நான்தான் சிஸ்டர். சாமான் நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கழுவி ஜோடியை மாத்திட்டேன். என் தப்பு!"

வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. "சரி, சரி, மெதுவாச் சொல்லுங்க. குழந்தைங்க தூங்குது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் விரிப்புகளை எண்ணப் போனார்.

அழுக்கு மூட்டைகளை ஏற்றி முடித்தும் தங்கை வேனை நகர்த்தவில்லை.

"எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்ணா."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவியான்னு பாத்தேன்."

சோப்பு தன் சுத்தமான நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி எல்லார் முன்னாடியும் உன் கடையைப் பத்திச் சொன்னேனே... அதுவும் என் தப்புதான் பாப்பா."

தங்கை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு கியரைப் போட்டாள், சரியாகவே போட்டாள். "அந்த மெஷின் ஆடுதுன்னு சொன்னேன்ல, இப்பவே வா."

"வர்றேன்" என்றார் சோப்பு. "ஆனா நான் பிரிக்கப் பிரிக்க, நூல் நீதான் கட்டணும்."