திருவண்ணாமலையில் ஒரு வாளி சாம்பார்

திருவண்ணாமலை போகிறோம், எங்கே சாப்பிடலாம் என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஊர்ச் சாப்பாடு என்றாலே எனக்கு ஒரே ஒரு மதியம்தான் நினைவுக்கு வருகிறது. அன்று நடந்ததில் எது சரி, எது தப்பு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. குழம்பிப் போனவனிடம் வழி கேட்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம், சித்திரை மாதம். எனக்கும் கமலாவுக்கும் கல்யாணமாகி மூன்று மாதம். அவளுடைய தம்பி சென்னையில் ஏதோ ஓட்டலில் சாப்பிட்டு, மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பானா என்ற அளவுக்குப் போய்த் தேறியிருந்தான். அவன் எழுந்து நடமாடினால் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பயணம் அதற்காகத்தான்.

பாரிமுனையில் காலை ஐந்தரைக்கு பஸ். திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் நூற்றுத்தொண்ணூறு கிலோமீட்டர். செஞ்சி தாண்டியதும் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு வெயில். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மூட்டைகளோடு ஒரு கூட்டம் ஏறியது, அதில் ஒரு மூட்டைக்கு என் மடிதான் கிடைத்தது. (வேர்க்கடலைக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை என்று பெயர்.) பதினொரு மணிக்கு இறங்கி, நடை சாத்துவதற்குள் தரிசனம் முடித்தோம். பௌர்ணமி என்பதால் கூட்டம். வெயில் தாழ்ந்ததும் கிரிவலம், அதற்கு முன் சாப்பாடு என்று திட்டம்.

கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஓட்டல். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. முழுச் சாப்பாடு மூன்றரை ரூபாய். கல்லாவில் முதலாளியிடமே டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பரிமாற வந்தவர் பெயர் ஏழுமலை, நாற்பது வயது இருக்கும். சோறு வைத்து சாம்பார் ஊற்றினார். நான் பிசைந்தேன். ஒரு மாதிரி வாடை வந்தது, புளி ஜாஸ்தியோ என்று நினைத்துக்கொண்டேன். கமலா விரலை முகர்ந்தாள்.

"ஊசிப் போச்சு. வாயில வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இலையை மடித்தாள். தன் பக்கமாக அல்ல, எதிர்ப்பக்கமாக.

கல்லாவிலிருந்து குரல் வந்தது. "ஏழுமல, நாலாம் டேபிள்ல இன்னா?"

ஏழுமலைக்கு முகம் செத்துவிட்டது. குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்: "இன்னாம்மா இப்படிப் பண்ணிட்டீங்க. எலய வெளிப்பக்கமா மடிச்சா சாப்பாடு புடிக்கலன்னு மொதலாளி என் படியில புடிச்சிப்பாரு. போன வாரம் ரெண்டு வாட்டி ஆயிடுச்சி. இன்னொரு வாட்டி ஆனா வேலைக்கே வராதன்னு சொல்லிக்கிறாருங்க."

விசாரித்தபோதுதான் தெரிந்தது. அங்கே பரிமாறுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. தினப்படியும் இரண்டு வேளைச் சாப்பாடும்தான். யார் எந்தப் பக்கம் இலையை மடிக்கிறார்கள் என்று முதலாளி கல்லாவிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். சமைத்தவர் உள்ளே பத்திரமாக இருக்க, திட்டு மட்டும் பரிமாறுகிறவருக்கு வரும். இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. கோபத்தில்தான் கமலா அப்படி மடித்தாள் என்று நினைத்தேன். கேட்டால், "எங்க வீட்ல எப்பவும் இப்படித்தான் மடிப்போம்" என்கிறாள். நாங்கள் வீட்டில் தட்டில் சாப்பிடுகிறவர்கள், மூன்று மாதத்தில் எனக்கு எப்படித் தெரியும்? இலையை வைத்து அவள் சொல்லாத புகாருக்கு ஒரு மனிதருக்கு வேலை போகப்போகிறது.

அவரைக் காப்பாற்றலாம் என்று இரண்டு பேரும் கல்லாவுக்குப் போனோம். கமலாவே பேசினாள். "இலையை மடிச்சது எங்க பழக்கம்ங்க, அவர் மேல தப்பில்ல." நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "ஆனா சாம்பார் ஊசித்தான் போச்சு" என்றும் சொல்லிவிட்டாள்.

முதலாளி கோபப்படவில்லை. "கார்த்தால வெச்ச சாம்பாரும்மா. இவன் ஈரக் கரண்டிய போட்டிருப்பான். உங்க காச வாங்கிக்குங்க, நான் இவன் படியில பாத்துக்கறேன்."

"காசு வேண்டாம்" என்றேன் அவசரமாக.

"அப்போ சாப்பாடு நல்லா இருந்திச்சின்னு சொல்லிட்டுப் போங்க."

காசை வாங்கினால் ஏழுமலைக்கு நஷ்டம். வாங்காவிட்டால் ஊசிப்போன சாம்பாருக்கு நாங்கள் நற்சான்று கொடுத்த மாதிரி.

"நீங்க ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள் கமலா.

"எனக்கு வூட்லேர்ந்து கேரியர் வந்துடுதும்மா" என்று கல்லாவுக்குக் கீழே இருந்த எவர்சில்வர் அடுக்கைக் காட்டினார். மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அதற்குள் பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது. ஏழுமலை அதே வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போனார். கமலா அதைப் பார்த்தாள். எங்கள் மேஜைக்குத் திரும்பிப் போய்த் தன் டம்ளரை எடுத்தாள். எப்போதும் அண்ணாந்து குடிக்கிறவள், விளிம்பில் உதட்டை வைத்து ஒரு மடக்கு குடித்தாள். மீதித் தண்ணீரை ஏழுமலை கையிலிருந்த சாம்பார் வாளிக்குள் ஊற்றினாள்.

அப்போதுதான் முதலாளி முதல் தடவையாக எழுந்து நின்றார். "எச்சி பண்ணிட்டாங்களே. டேய், எட்த்தும் போயி கொட்டுடா அத. வேற சாம்பார் வெக்கச் சொல்லு."

ஊசிப் போனதை ஊருக்கே ஊற்றலாம், எச்சில் பட்டதை ஒருவருக்கும் ஊற்றக் கூடாது. அவருடைய கணக்கு எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. ஆனால் பழி முழுவதும் கமலா மேல் போய்விட்டதால் ஏழுமலையின் படி தப்பியது. "நீ இன்னாடா பண்ணுவ, அந்தம்மா பண்ண வேல" என்று முதலாளியே சொன்னார்.

வெளியே வந்தபோது ஏழுமலை சாக்கடை ஓரம் காலி வாளியோடு நின்றிருந்தார். இரண்டு நல்ல வார்த்தை சொல்வார் என்று கமலா எதிர்பார்த்தாள், எனக்குத் தெரியும்.

"படி தப்பிச்சிதும்மா" என்றார். "ஆனா நாலு மணிக்கி மீந்த சாம்பார்தான் எங்களுக்கு. புதுசா வெக்கறத எங்களுக்கு ஊத்த மாட்டாங்க. இன்னிக்கி வெறுஞ்சோறுதான்."

பிரசாத வாழைப்பழத்தை நீட்டினாள். "டூட்டியில கை நீட்டி வாங்கக் கூடாதுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

மாலை நாலரைக்குக் கிரிவலம் தொடங்கினோம், பதினான்கு கிலோமீட்டர். பாதி தூரம் கடந்ததும் கமலா என் பக்கம் திரும்பினாள். "நான் செஞ்சது சரிதானே?" என்றாள். சரி என்றேன். கொஞ்ச தூரம் போய், தெரியவில்லை என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது போகிறவர்களுக்கு: கோடைப் பௌர்ணமியில் மதியச் சாம்பாரை நம்பாதீர்கள், கட்டுச்சோறு உத்தமம். ஓட்டல்தான் என்றால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுங்கள். முதலாளி அங்கேயே சாப்பிடுகிறாரா என்று பார்ப்பது வாசலிலுள்ள மெனு பலகையைப் படிப்பதைவிட நல்லது. சாப்பாடு சரியில்லை என்றால் சொல்லுங்கள், ஆனால் யார் தலையில் விடியும் என்று முதலில் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

எந்த ஊர் ஓட்டலிலும் உட்கார்ந்ததும், பரிமாற வருகிறவரிடம் "நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கமலா கேட்பது அதற்குப் பிறகு பழக்கமாகிவிட்டது. முக்கால்வாசிப் பேர், "பந்தி முடிஞ்சி மீந்தா சாப்பிடுவோம்மா" என்பார்கள். அதற்குப் பிறகு சாம்பார் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இன்னொரு கரண்டி கேட்க அவளுக்கு வாய் வராது.