வேலி இல்லாத எதிர்காலம்

நூறு வருடத்துக்குப் பிறகான பசுமை யாழ்ப்பாணம் பற்றி நேற்று இந்தப் பக்கத்தில் ஒரு விஞ்ஞானக் கதை போட்டேன் அல்லவா? அதன் பலனை இன்று காலை சுன்னாகம் போகும் பஸ்ஸில் அனுபவித்தேன்.

இணுவிலில் ஏறிய கந்தையா அண்ணை பக்கத்தில் வந்து அமர்ந்தார். அடுத்த வளவில், அதாவது பக்கத்து வீட்டுக்காணியில், இருக்கும் இராசையா அண்ணையோடு வேலி வழக்கு நடத்துபவர்.

"தம்பி, உம்மடை கதை வாசிச்சனான். பனைமரம் கடல்தண்ணியை நல்ல தண்ணியாக்குது, சரி. பஸ் வெயில் சக்தியிலை ஓடுது, அதுவும் சரி. ஆனால் ஒரு வேலியையும் காணேல்லையே?"

"அப்ப வேலி தேவைப்படாது, அண்ணை."

"அப்ப என்ரை வழக்கு? உந்தக் கதையை இராசையா கோர்ட்டிலை காட்டினால் நான் என்ன செய்யிறது?"

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பினார். இராசையா அண்ணையேதான்.

"ஓம் தம்பி, உவர் சொல்லுறது சரி. வேலி வேணும்."

இருவரும் ஒத்துப்போனதை ஊர் கண்டு பல வருடம். கண்டக்டர் மணி அடிக்க மறந்து நின்றார்.

நானும் விட்டுக்கொடுத்தேன். "சரி, ஒரு கிளுவை வேலி போட்டுவிடுறன். உயிர்வேலி, சூழலுக்கும் நல்லது."

"எல்லைக்கு எந்தப் பக்கத்தாலை?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

மருதனார்மடத்தில் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தே கடந்தேன்.

கடலைக் குடிநீராக்கும் பனையை நம்பியவர்களுக்கு, வேலியில்லாத இரண்டு வளவுகளை நம்ப முடியவில்லை. கதையைத் திருத்தத்தான் வேண்டும். வேலியை எங்கே போடலாம் என்று கீழே சொல்லுங்கள். சொந்தமாக வேலி வழக்கு இல்லாதவர்கள் மட்டும்.

அப்படி யாராவது இருக்கிறீர்களா?