கரித்தண்ணீரில் ஒரு பால்வீதி

பல்கலைக்கழகத்தில் நான் பௌதிகம் படித்த கடைசி ஆண்டில், எங்கள் குருநகர்த் தேவாலயப் பங்கு மண்டபத்தில் வானியல் பற்றிப் பேசச் சொன்னார்கள். போரால் மின்சாரம் இல்லாமற்போய் மூன்று வருடம் ஆகியிருந்ததால் படம் போட்டுக் காட்ட வழியில்லை. உடுவிலிலிருந்து சைக்கிளில் வந்து என்னோடு படித்த சிநேகிதிக்குத்தான் அந்த யோசனை வந்தது. அகன்ற அலுமினியச் சருவத்தில் தண்ணீர் விட்டு, கரித்தூள் கலந்து கறுப்பாக்கி, மேலே அரிசிமாவைத் தூவிச் சுழற்றினால் அப்படியே பால்வீதி என்றாள்.

அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. அவள் எதையும் அளந்து செய்பவள். சருவத்தின் சரிநடுவில் அகப்பைக் காம்பை வைத்து, கை நடுங்காமல் சுழற்றுவாள். மா வட்டமாகச் சுழன்று, வட்டமாகவே நிற்கும். படத்தில் பார்த்த அந்த வளைந்த கரங்கள் வரவேயில்லை. எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு கிழமையாக இதே வேலை. மா வீணாகிறதென்று அம்மா முணுமுணுத்தா.

"வட்டத்தோடையே விடுவமடி, மிச்சத்தை வாயாலை சொல்லுவம்" என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

அன்று பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போக முடியாத போர்நாட்கள் என்பதால் ஆண்களும் நிறையப் பேர். முன்வரிசையில் அம்மாவும், மடியில் குழந்தையோடு அக்காவும். சருவத்தை அவர்களுக்கு முன்னால் ஒரு மர வாங்கில் வைத்திருந்தோம்.

நான் பேசத் தொடங்கினேன். ஆதியில் வாயு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருந்தது. எந்தத் திசையில் பார்த்தாலும் ஒன்றுபோல. அதைத்தான் சமச்சீர் என்கிறோம். ஆனால் அங்குமிங்கும் ஒரு துளி அடர்த்தி கூடியிருந்தது. கூடிய இடம் சுற்றியிருந்ததை இழுத்தது. இழுக்க இழுக்க இன்னும் கூடியது. மெல்லச் சுழன்றுகொண்டிருந்த மேகம் சுருங்கியபோது வேகம் பிடித்து, உருண்டை வடிவம் இழந்து தோசைபோலத் தட்டையானது.

சிநேகிதி சுழற்றினாள். வெள்ளை வட்டம் அழகாகச் சுற்றியது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அக்காவும் குனிந்தா. அந்த நேரம் பார்த்துக் குழந்தை, சருவத்தின் ஓரத்தில் பளாரென்று ஓர் அடி போட்டாள்.

கரித்தண்ணீர் அம்மாவின் சேலையில் தெறித்தது. "ஐயோ பிள்ளை!" என்று அக்கா கையை இழுத்தா. நான் தலையில் கைவைத்தேன். சிநேகிதி மட்டும் சருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சை பாரடி" என்றாள் மெதுவாக.

வட்டம் ஒரு பக்கம் நசுங்கி, நீண்டு, இரண்டு வெள்ளைக் கரங்களாக வளைந்து சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு நான் பேசியதெதுவும் எழுதிவந்த தாளில் இருந்ததல்ல. "இப்பிடித்தான் நடக்கிறது. பக்கத்தாலை பால்வீதி மாதிரி இன்னொரு மண்டலம் போகேக்கை இழுத்துப்போட்டுப் போகும். வட்டம் குலையும். குலைஞ்ச இடத்திலை வாயு நெருங்கிப் புது வெள்ளியள், நட்சத்திரங்கள், பிறக்கும்."

"அப்ப ஒருத்தரும் கை வைக்காட்டி?" என்று அக்கா கேட்டா.

"தானாயும் குலையும் அக்கா. உள்ளுக்கை இருக்கிற சின்ன வித்தியாசமே சிலநேரம் போதும்."

"ரண்டும் முட்டினால்?" இது பின்னாலிருந்து, சொந்த வள்ளம் வைத்திருந்த ஒரு சம்மாட்டியார்.

அதற்குச் சிநேகிதி பதில் சொன்னாள். "கரங்கள் அழிஞ்சு, கடைசியிலை ரண்டும் சேர்ந்து ஒரு முட்டை மாதிரி வரும் ஐயா. அதுக்குள்ளை புது வெள்ளி பிறக்கிறது நல்லாய்க் குறைஞ்சுபோம்."

"அப்ப எங்கடை பால்வீதி உந்தக் கரம் வைச்ச சாதியோ?" என்றா அம்மா, சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி.

"ஓம் அம்மா. நாங்கள் ஒரு கரத்தின்ரை ஓரத்திலை இருக்கிறம்."

அம்மா தலைப்பை உதறினா. "நடுவிலை இல்லாதது நல்லதுதான். அங்கை நெரிசலாயிருக்கும்." மண்டபம் சிரித்து ஓய நெடுநேரம் பிடித்தது.

அடுத்த மாதம் கொடிகாமத்திலிருந்தும் எங்களைக் கூப்பிட்டார்கள். சருவத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு இருவரும் போனோம். சிநேகிதி இம்முறை நடுவில் சுழற்றிவிட்டு, தானே ஓரத்தில் ஓர் அடி போட்டாள். முகமெல்லாம் கரி. அன்று அவள் சிரித்ததைப்போல நான் முன்னர் பார்த்ததில்லை.