பானைக்குத் திரும்பிய விரியன்கள்

கடற்கரையோரப் பாம்புப் பண்ணைக்கு நான் கால்நடை மருத்துவராகப் போனபோது, விரியன்களைப் பராமரித்தவர் என் பொறுமையைச் சோதித்தார். ஒல்லியான மனிதர், பாம்புக் கூடத்தில் வெறுங்காலோடு நடப்பார். பாம்புகளை வைத்திருந்த மண்பானைகளின் வாயில் கட்டிய துணியை முகர்ந்து பார்க்காமல் அவிழ்க்க மாட்டார். நான் தினமும் பாம்புகளின் எடை கேட்பேன். "நல்லாத்தான் கீது" என்பார்.

நான் அடம்பிடித்து வாங்கிய கண்ணாடிப் பெட்டிகளில் விரியன்கள் மூன்று வாரமாக எலியைத் தொடவில்லை. இரண்டு செத்தே போயின. ஒரு காலையில் பெட்டிகள் காலி. மிச்சமெல்லாம் பழைய மண்பானைகளுக்குள்.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"நாள் முச்சூடும் ஜனங்க கண்ணாடியத் தட்டித் தட்டிப் பாத்துகினே கீறாங்க சார். அப்டிப் பாத்தா நீ துன்னுவியா?"

மறுநாள் போட்ட எலிகள் அத்தனையும் காணோம்.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ எடையத்தான கேட்ட சார்."

இன்றும் பையிலிருந்து தராசை எடுக்கும்போதெல்லாம் அந்த மனிதர் மேல் எரிச்சல் வருகிறது.