இரண்டு முறை மிதித்தால் பிடிக்கும்

என் பிக்கப் வண்டியின் பிரேக்கை ஒரு முறை மிதித்தால் சில நேரம் பெடல் தரை வரை போகும். உடனே இன்னொரு முறை மிதித்தால் பிடிக்கும். ஏறக்குறைய எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஐஸ் பெட்டியும் வலையும் ஏற்றிப் போகிற பழைய வண்டி அது. வாரத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயில் குறைந்திருக்கும். ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டுவேன். எங்கோ கசியாமல் ஆயில் குறையாது என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். பின் சக்கரங்களைக் கழற்றிப் பார்க்க அரை நாள் போதும். அந்த அரை நாளை நான் ஒதுக்கவேயில்லை.

ஒரு நாள் காலையில் என் அக்காவின் கணவர் வந்து வண்டிச் சாவி கேட்டார். மாமா துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். இருபது வருடத்துக்கும் மேலாக ஓட்டுகிறார், ஒரு கீறல் விழுந்ததில்லை. திருவொற்றியூர் வீட்டுக்குத் தரை போட, எண்ணூர்ப் பக்கத்துக் குடோன் ஒன்றிலிருந்து டைல்ஸ் எடுத்து வரவேண்டும் என்றார்.

"வண்டி எப்டி கீது மச்சான்?"

"நல்லா கீது மாமா. எடுத்துகினு போங்க."

பிரேக்கைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், "ஃபிட்டர் வண்டியாடா இது?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருக்கக்கூடாதா என்று பிறகு பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, வண்டி மோதிவிட்டது என்று போன் வந்தது. பைக்கில் போய்ச் சேர்ந்தேன். எர்ணாவூர் மேம்பாலம் இறங்குகிற இடத்தில் இட்லிக் கடைத் தள்ளுவண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சாம்பார் ரோடெல்லாம் ஓடியிருந்தது. கடைக்காரம்மா ஓரமாக உட்கார்ந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா அவர் பக்கத்தில் மண்டி போட்டு, தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம்.

"காலைலயே ஊத்திகினு வந்துட்டான்பா" என்று யாரோ சொன்னார்கள்.

அதைச் சொல்ல ஒரு பழைய காரணம் இருந்தது. மாமா ஒரு காலத்தில் மிகவும் குடித்தவர், அந்தப் பக்கத்தில் பாதிப்பேருக்கு அது தெரியும். ஆறு வருடத்துக்கு முன் ராயபுரத்து மாதா கோயிலில் அக்காவின் முன்னால் முழந்தாளிட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்றார். தொடவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்தார். "மச்சான், பிரேக் புடிக்கலடா."

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் சொன்னேன்: "நேத்து வரிக்கும் நல்லாத்தானே புடிச்சிகினு இருந்துச்சு."

 மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய அக்கா கடைசியாக நான் சொன்னதைக் கேட்டிருந்தாள். நேராக அவரிடம் போய் அவர் தாடையைப் பிடித்து இழுத்தாள். அத்தனை பேர் முன்னால் அவர் வாயை முகர்ந்து பார்த்தாள். மாமா முகத்தைத் திருப்பவில்லை. ஆள் உயரமானவர். அவளுக்கு எட்டுவதற்காகக் குனிந்து கொடுத்தார்.

"இன்னாத்த மென்னு வாசனைய மறைச்ச?" என்று கேட்டாள் அக்கா.

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

கேஸ் வேண்டாம் என்று இட்லிக்காரம்மாவே சொல்லிவிட்டார். மணிக்கட்டு எலும்பு உடைந்து மாவுக்கட்டு போட்டார்கள். வண்டியை நானே மெதுவாக ஓட்டிவந்து, எர்ணாவூரில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கொட்டகையில் விட்டுத் தார்ப்பாய் போட்டு மூடினேன். யாரும் அதைத் திறந்து பார்க்கக்கூடாது என்பதுதான் அப்போது என் கவலை.

பத்து நாள் அப்படியே கிடந்தது. பதினோராவது நாள் காலை பைக்கில் மேம்பாலத்தின் அடியில் போனேன். அந்தத் தள்ளுவண்டி மறுபடி அங்கே நின்றது. அதன் பின்னால் மாமா நின்று கரண்டியால் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். மதிய ஷிப்ட் வாங்கிக்கொண்டு, காலையெல்லாம் அந்த அம்மாவுக்குக் கையாக இருந்திருக்கிறார். அண்டா தூக்குவது, தட்டு கழுவுவது, வண்டி தள்ளுவது எல்லாம் அவர்தான். சாப்பிட வந்த ஒருவன், "சாம்பார்ல சரக்கு கிரக்கு கலந்துடாதே நைனா" என்றான். மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

நான் பைக்கைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரம் சுலபமாக வந்தது, பிரேக்கை மூடியிருக்கிற இரும்பு டிரம் வரவில்லை. கடல் காற்றின் உப்பு உள்ளே எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருந்தது. சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டி, எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி தட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து டிரம் கழன்று என் மடியில் விழுந்தது. கூடவே கருப்பாக, கூழ் மாதிரி ஏதோ வழிந்தது. லைனிங் பொடியும் பிரேக் ஆயிலும் கலந்த சேறு. சிலிண்டரின் ரப்பர் கிழிந்திருந்தது. பிரேக் ஷூவில், டிரம்மை உரசிப் பிடிக்கிற லைனிங் என்று சொல்ல எதுவுமில்லை. ரிவிட் மட்டும் மிஞ்சி, அது டிரம்மில் வட்டமாகக் கோடு கிழித்திருந்தது. அடுத்த சக்கரத்தில் ஸ்பிரிங் ஒன்று முறிந்தே கிடந்தது.

இதையெல்லாம் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எப்படி இருக்கும் என்று நினைத்திருந்தேனோ அப்படியே இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை. 

தேய்ந்த ஷூக்களில் ஒன்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். மாமா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சிமெண்டு பூசாத தரையில் அதைப் பிரித்து வைத்தேன்.

"பிரேக் எட்டு மாசமா செத்துப்போய் கீது மாமா. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் சாவி குடுத்தேன். அன்னிக்குப் பொய் சொன்னேன்."

அக்கா அந்த இரும்பையே பார்த்தாள். அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் புரிந்தது. மாமா சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார்.

"எனுக்கும் தெரியும்டா" என்றார். "பாலம் எறங்கறப்ப மொத மிதியிலயே பெடல் தரைக்குப் போச்சு. ரெண்டாவது மிதிக்கறதுக்குள்ள தள்ளுவண்டி மேல வுட்டேன். டிரைவருக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் மாமா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னனே. அங்கயே சொன்னன். நீதான் இல்லன்னுட்ட." செருப்பை மாட்டிக்கொண்டார். "வூட்டாளு என் வாயை மோந்து பாத்தப்ப பக்கத்துலதானே நின்ன. அப்பவாச்சும் சொல்லுவன்னு பாத்தேன்."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. என்னை அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா ஷிப்டுக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவளிடம் போனார். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மூன்று நாளும் கொட்டகையில்தான் இருந்தேன். டிரம் இரண்டையும் லேத் பட்டறையில் கொடுத்துக் கோடு போகக் கடைந்து வாங்கினேன். புது லைனிங், புது சிலிண்டர், புது ஸ்பிரிங். துருவை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியில் தோல் போயிற்று. கடைசியில் ஆயில் குழாயிலிருந்து ஏர் எடுக்கவேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் நட்டைத் திறந்து மூடவேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன். பிறகு மாமாவுக்கே போன் செய்தேன். வந்தார்.

"மிதிங்க மாமா" என்பேன். "புடிச்சிகினு கீறேன்" என்பார்.  குமிழி நின்று சுத்தமான ஆயில் வந்ததும் இறங்கிக் கை கழுவினார்.

"ஓட்டிப் பாக்கறீங்களா?"

"வேணாம்டா. நீ ஓட்டு." நடந்தே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் இட்லிக்காரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்த மன்ஷன் குடிக்கலன்னு எனுக்கு அன்னிக்கே தெரியும். என்னைத் தூக்கனவர்மேல வாசனை அடிக்கல. சொன்னேன், எவனும் காதுல வாங்கல." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைலேர்ந்து அவரை வர வேணாம்னு சொல்லு. நீ வா. அஞ்சு மணிக்கு அண்டா ஏத்தணும்."

மாவுக்கட்டு பிரிக்கிற வரை ஒரு மாதத்துக்கு மேல் போனேன். சாப்பிட வருகிறவர்கள் மாமாவைக் கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: அவர் குடிக்கவில்லை, என் வண்டியில் பிரேக் இல்லை, தெரிந்தே கொடுத்தேன். தலையாட்டுவார்கள். லாரி ஆபீஸில் வேலை செய்கிற ஒருவர் தட்டை நீட்டிக்கொண்டே என் தோளில் தட்டினார்.

"நல்ல மச்சான்யா நீ. அக்கா புருஷனுக்காவ இன்னா பாடு படற பாரு" என்றார்.

இல்லை சார், மெய்யாலுமே என் தப்புதான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.