ஏறாத பதிவு

அப்பாவின் நல்லுடலோடு நாங்கள் மின்சுடலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே இன்னொரு வேன் நின்றிருந்தது. எங்களுக்கும் நான்கு மணி, அவர்களுக்கும் நான்கு மணி. வேலை செய்தது ஒரே ஒரு உலை.

எங்கள் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் பதறவில்லை. காவலாளியிடம் போனை நீட்டினார். "இதோ பாருங்கண்ணே, காலையிலேயே புக் பண்ணிட்டேன்லா. பச்சை டிக் விழுந்திருக்கு." காவலாளி தன் கணினியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அதில் இருந்தது அவர்கள் பெயர்.

"அப்ப போன் பொய் சொல்லுதா?" என்று சித்தப்பா பாய்ந்தார்.

பொய்தான் சொல்லும். இணையச் செயலிகளின் முகப்பை எழுதுவதுதான் என் பிழைப்பு. தரவுத்தளத்தில் இருக்கும் பதிவுகளின் நகலைத் திரை தன்னிடம் வைத்துக்கொள்ளும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால், தளம் ஏற்றுக்கொள்ளும்வரை காத்திருக்காமல் நகலில் சேர்த்து உடனே டிக் போட்டுக் காட்டுவோம். காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? தளம் மறுத்தால் அதை நகலிலிருந்து எடுத்துவிட்டு ஆளிடம் சொல்ல வேண்டும். அதை எழுதச் சோம்பல்படுகிறவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். இந்தச் செயலியை எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன்.

"எங்கிருந்துண்ணே புக் பண்ணீங்க?" என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன்.

"தஞ்சோங் கிளிங் ரோட்டுல, வேனை ஓரமா நிறுத்திட்டு. லைன் கொஞ்சம் ஸ்லோலா."

போனை வாங்கி, தளத்தில் இருப்பதைப் புதிதாக எடுத்துவரத் திரையைக் கீழே இழுத்தேன். வட்டம் சுழன்றது. அப்பா பெயர் இருந்த இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயர் வந்தது.

"நீயே அழிச்சிட்டியேடா!"

"நான் அழிக்கல சித்தப்பா. அது ஏறவே இல்ல."

சித்தப்பா இன்றுவரை நம்பவில்லை. படிச்ச புள்ள கைய வச்சான், எங்கண்ணன் பேரு போச்சு என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோனார்கள். வழிவிட்டு நின்றோம். அது முடிந்து உலை ஆறுவதற்குள் இருட்டிவிடும், விளக்கு வைத்தபின் எங்கள் குடும்பத்தில் எரிப்பதில்லை. அப்பாவை அன்றைக்கே அனுப்பிவைக்க முடியாதென்பது உறுதியானதும் எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அழாதவன் நான்.

பாயா ரும்புட் வீட்டிலிருந்து அம்மா அழைத்தார்.

"முடிஞ்சுதாப்பா?"

"இல்லம்மா. நாளைக்குக் காலையிலதான்."

"இங்க வீடு கழுவி விளக்கு வச்சாச்சே. திரும்பக் கொண்டு வரக்கூடாதுப்பா."

"தெரியும்மா. ராத்திரிக்கு ஆஸ்பத்திரியில வைக்கச் சொல்லியிருக்கோம்."



"ஐஸ் பெட்டியிலயா?"

"ஆமாம்மா."

"அவருக்குக் குளிர் ஆகாதேப்பா," என்றார் அம்மா. "ஃபேனைக்கூட ஒன்னாம் நம்பருக்கு மேல வைக்க விடமாட்டாரே."