கீழ் வளைவில் சிவப்புக் கொடி

மைன்ஸ் மூடிய பிறகு எங்கள் ஊரில் மிச்சமிருந்தது பெரிய செம்மண் குழியும், அதில் தேங்கிய தண்ணீரும், நாங்கள் சில குடும்பங்களும்தான். பாக்சைட் லாரிகள் ஓடிய ரோட்டில் இப்போது ஏற்காடு பார்க்க வந்தவர்கள் பைக்கிலும் காரிலும் போகிறார்கள். போகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஒருவரும் நிற்பதில்லை. நான் டீக்கடை போட்ட புதிதில் என் டீயை அதிகம் குடித்தது நான்தான்.

என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கொடி பிடிக்கிற வேலை. பாறைக்கு வேட்டு வைக்கும் முன் ரோட்டின் கீழ் வளைவில் சிவப்புக் கொடி கட்டி வண்டிகளை நிறுத்துவார். வேட்டு முடிந்து அவர் பச்சைக் கொடி காட்டினால்தான் யாரும் நகரலாம். ஜீப்பில் வந்த அதிகாரிகூட அவர் கைக்குக் கட்டுப்பட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷன் வேலை போனபின் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

திருப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள். ஒரு கம்பெனியில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருக்கிறாளாம். ஆண்கள் மட்டும் தங்குகிற ரூமும் உண்டாம்.

"கடை ஓடுனா இருக்கறேன். இல்லீன்னா மாசம் பொறந்ததும் கெளம்பறேன்," என்றார் அவர்.

நான் சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். அவர் இல்லாத வீட்டில் விளக்கை அணைத்துப் படுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தகரப் பெட்டியிலிருந்து பழைய சிவப்புக் கொடியை எடுத்தார்.

"மைன்ஸ் இருந்தப்போ கொடி ஏறுனா வண்டிய அங்கியே நிறுத்திப்போட்டு டீ குடிக்க மேல நடந்து வருவாங்கல்ல புள்ள? இவங்களும் வருவாங்க பாரு."

எனக்கும் அது ரொம்பச் சரியாகப் பட்டது. கொடியைத் துவைத்துக் கிழிசலைத் தைத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையிலேயே அவர் கீழ் வளைவில் கொடியைக் கட்டிவிட்டு வந்தார். நிறையப் பால் காய்ச்சிவிட்டுக் காத்திருந்தோம். கீழிருந்து வண்டிச் சத்தம் ஏறி வரும். வளைவருகே அடங்கும். அவர் சட்டையை நீவிவிட்டுக்கொள்வார். பிறகு அதே சத்தம் கீழே இறங்கிப் போகும். மதியம் வரை இதே கதைதான். பாலில் ஆடை கட்டியது.

எஸ்டேட் வேலை முடிந்து பக்கத்து ஊரான வெள்ளக்கடையைச் சேர்ந்த பெண் ஒருத்தி ஸ்கூட்டியில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, மேல மண்ணு சரிஞ்சுருச்சுங்களா? வர்ற காரெல்லாம் கொடியப் பாத்துட்டுத் திரும்பிப் போகுதுங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ரோட்டுல போறவங்களையும் வெரட்டிப்போட்டீங்க," என்றேன். அவர் சிரிக்கவில்லை. கீழே போய்க் கொடியை அவிழ்த்து வந்து, திருப்பூருக்கு எடுத்து வைத்திருந்த பையின்மேல் போட்டார். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் என் பழைய பச்சைப் புடவையில் ஒரு துண்டு கிழித்து, மூங்கில் குச்சியில் கட்டி அவர் கையில் கொடுத்தேன்.

"வேட்டு முடிஞ்சுதுங்க. இனிப் பச்சையக் காட்டுங்க."

அவர் குச்சியை வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை கடை வாசலில் நின்று ஒவ்வொரு வண்டிக்கும் பழைய மிடுக்கோடு அதை அசைத்தார். போகச் சொல்லும் கொடிக்குத்தான் வண்டிகள் நிற்கத் தொடங்கின. என்ன ஏதென்று கேட்டவர்களுக்கு மைன்ஸ் கதை சொன்னார். சிலரைக் குழியின் ஓரம் வரை கூட்டிப் போய்க் காட்டினார். கதை கேட்டவர்கள் டீயும் கேட்டார்கள். எனக்குக் கை ஓயவில்லை.

ஒரு காரில் வந்த சின்னப் பெண் அந்தக் கொடியை வாங்கி ஆசை தீர ஆட்டினாள். கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்த லீவுக்கு வருவோம் தாத்தா. நீங்க இங்கதான இருப்பீங்க?" என்று கேட்டாள்.

நான் ஆற்றிக்கொண்டிருந்த டீ கையில் வழிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் குனிந்தார்.

"இருப்பேன் கண்ணு. கொடி புடிக்கோணுமல்ல."

அன்றைக்கு அந்தப் பையிலிருந்த வேட்டி சட்டைகளை நானே எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.